கடைசித் துண்டில் பாதி

இதனால் சகலமான ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், அமெரிக்க தேசத்தார் இனிமேல் எதைத் தின்ன வேண்டும், எவ்வளவு தின்ன வேண்டும், எந்த முகபாவத்தோடு தின்ன வேண்டும் என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. நாட்டின் தலைசிறந்த அறிஞர்கள் கூடினார்கள். மலை மலையாய் ஆராய்ச்சிகளைப் படித்தார்கள். நடுநடுவே சாண்ட்விச் தின்றார்கள். இதயநோயும் நீரிழிவும் வெட்கப்பட்டு ஊரைவிட்டு ஓடும்படியான ஒரு வழிகாட்டியை எழுதி முடித்துவிட்டார்கள். அந்த அறிஞர்களில் ஒருவர் நம் மண்ணின் மைந்தர் பேராசிரியர் ஆரின் ட்வெய்ட். அன்னார் இந்த ஞாயிற்றுக்கிழமை நோர்வாலுக்கு எழுந்தருளி, லூத்தரன் சர்ச்சின் அடித்தள ஹாலில் ஊராருக்கு நல்வாக்கு அருளுவார். பன்றித்தொடையும் உருளைக்கிழங்கும் உண்டு. இனிப்புத் துண்டுகளும் உண்டு. காப்பி வேண்டிய மட்டும்.

சர்ச் அறிக்கையில் இவ்வளவு அலங்காரம் இல்லைதான். கடைசி மூன்று வாக்கியங்கள் மட்டும் அப்படியே இருந்தன. ஊரார் படித்ததும் அந்த மூன்றைத்தான்.

போன வாரம் மார்லிஸை எங்கே விட்டோம்? சலவை இயந்திரத்தின் முன்னால், கையில் புருஷன் டுவேனின் ஒற்றைச் சாக்ஸோடு. சாக்ஸின் நுனி ரத்தத்தில் ஊறிக் காய்ந்து அட்டை மாதிரி விறைத்திருந்தது. என்னவென்று கேட்கப் போனபோது டுவேன் டிராக்டரில் ஏறிப் போயிருந்தான். திரும்பி வந்தவன் வேறு சாக்ஸ் மாட்டிக்கொண்டு அதோடேயே படுத்துவிட்டான். குளிருகிறதாம். மினசோட்டாவில் பிறந்து, ஜனவரியில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பனி வாருகிறவனுக்கு, செப்டம்பரில் குளிருகிறதாம்.

ஞாயிறு காலை கொட்டகையில் அறுவடை இயந்திரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தவனை, அவள் சமையலறை வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"பூட்ஸைக் கழட்டு."

"சர்ச்சுக்கு நேரமாச்சு மார்லிஸ்."

"கடவுள் எங்கயும் ஓடிட மாட்டார். கழட்டு."

கழற்றினான். அவள் வலது பூட்ஸைக் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு இரும்பு நட்டு விழுந்து தரையில் உருண்டு அடுப்பின் கீழே போய் நின்றது.

டுவேனின் முகம் மலர்ந்தது. "அட! செவ்வாக்கிழமையிலேருந்து இதைத்தான் தேடிட்டிருக்கேன்!"

செவ்வாய்க்கிழமையிலிருந்து அதன் மேல்தான் நடந்திருக்கிறான். வயலுக்கும் கொட்டகைக்கும், ஏணி மேலும் ஏணி கீழும். கால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கால் பேச்சை நிறுத்திச் சில வருடங்களாகிவிட்டன.

சாக்ஸை மார்லிஸே உருவினாள். பெருவிரல் கறுத்திருந்தது. அடிபட்ட கறுப்பில்லை, அறுவடைக்குத் தப்பி வயலிலேயே கிடந்து வசந்தத்தில் அகப்படும், சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கின் கறுப்பு. வாடையும் அதேதான். விரலிலிருந்து ஒரு சிவப்பு, பாதத்தின் மேல் பக்கமாக ஏறத் தொடங்கியிருந்தது.

"மோசமில்ல," என்றான் டுவேன், வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி.

"இப்பவே ஃபார்கோ ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"வியாழக்கிழமை அறுவடை தொடங்குது."

"விரல் அழுகிட்டிருக்கு டுவேன்."

"ரெண்டு வாரம். மழை இல்லைன்னா அதுகூட இல்ல. முடிஞ்ச மறுநாளே போறேன்."

அவள் அசையவில்லை. டுவேன் தலையைச் சொறிந்தான். பிறகு, நியாயஸ்தன் முகத்தோடு சொன்னான்: "சரி, இப்படி வச்சுக்குவோம். ஆரின் வர்றான்ல? அவன் பாக்கட்டும். இன்னிக்கே போன்னு அவன் ஒரு வார்த்தை சொன்னா, மறுபேச்சு பேச மாட்டேன். அறுவடை நாசமாப் போகட்டும், போயிடறேன். சத்தியமா."

அவன் சொன்னதைச் செய்வான் என்று மார்லிஸுக்குத் தெரியும். டுவேனுக்கு வேதம் இரண்டு. ஒன்று சர்ச்சில் இருக்கிறது. மற்றது அண்ணன் அனுப்புவது. முதலில் ஆரின், எதை எவ்வளவு தின்னலாம் என்று காட்டும் ஒரு முக்கோணப் படம் அனுப்பினான். டுவேன் அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி, அதில் சொன்னபடியே ரொட்டியும் சோளப்பொரியும் தின்றான். கொழுப்பு ஆகாது என்றதும் கொழுப்பில்லாத பிஸ்கட்டை டப்பா டப்பாவாகக் காலி செய்தான். பழம் நல்லது என்றதும் பழரசத்தை ஜாடியோடு குடித்தான். பிறகு முக்கோணம் போய் வட்டத்தட்டு வந்தது, அதையும் ஒட்டினான். சர்க்கரை நோய் வந்தபோது அவனுக்குத் துக்கம் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. சட்டத்தை மதித்து வண்டி ஓட்டியவனைப் போலீஸ் மடக்கின மாதிரி.

ஆனால் அண்ணன் மேல் ஒரு குறையும் சொன்னதில்லை. அப்பா விட்டுப்போன பீட் நிலத்தில் பாதி இன்னும் ஆரின் பேரில்தான் இருந்தது. அதிலும் உழுவது டுவேன்தான். அதிலும் குறை சொன்னதில்லை.

*

சர்ச்சின் அடித்தள ஹாலில் ஊரே இருந்தது. சுவரில் 'நல்வரவு ஆரின்' என்று தாளில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். முன்வரிசை மேசையில் சர்க்கரை ஆலைக் கூட்டுறவின் தலைவர் கேலன் ப்ரெக்கி, பெல்ட்டுக்கு மேல் வயிற்றைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பள்ளத்தாக்கில் பீட் போடாத ஆள் பாஸ்டர் ஜோலீன் ஒருத்திதான். அவள் சம்பளமும் பீட்டிலிருந்துதான்.

நீள மேசையில் பன்றித்தொடை, க்ரீமில் புதைந்த உருளைக்கிழங்கு, மார்ஷ்மெல்லோ மிதக்கும் பச்சை ஜெல்லி, வெண்ணெய் தடவிய ரொட்டி. அதற்கப்பால் தட்டுத் தட்டாக இனிப்புத் துண்டுகள்: வேர்க்கடலையும் சாக்லேட்டும், எலுமிச்சை, புளிப்பான ருபார்ப் தண்டு, பூசணி. உணவு ஞானியை வரவேற்க ஊர் தன்னால் ஆனதைச் செய்திருந்தது.

நோர்வாலில் தட்டின் கடைசித் துண்டை எவரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் பேராசைக்காரன் என்று பெயர் வரும். அந்தப் பெயர் சாவுச் சடங்கு வரை கூடவே வரும். அதனால் கடைசித் துண்டைக் கத்தியால் பாதியாக்கி ஒரு பாதியை எடுப்பார்கள். அடுத்து வருகிறவர் மீதியில் பாதி. அதற்கடுத்தவர் அதில் பாதி. கடைசியில் மூக்குப்பொடி அளவுக்கு ஒரு துணுக்கு மிஞ்சும். அதைப் பார்த்து எல்லோருக்கும் தங்கள் நல்லொழுக்கத்தில் நம்பிக்கை பிறக்கும்.

இந்தக் கலையில் டுவேன் மேதை. பந்தியில் கடைசியாகத்தான் போவான். ஒவ்வொரு தட்டிலும் கடைசித் துண்டு காத்திருக்கும். ஒவ்வொன்றிலும் பாதி எடுப்பான். "முழுத் துண்டு ஒண்ணு நான் எடுத்ததே இல்ல டாக்டர்," என்று ஊர் கிளினிக்கில் சொல்வான். அது உண்மைதான். பைபிள் மேல் கைவைத்துச் சொல்லலாம்.

மார்லிஸ் ஆரினைக் காப்பி அண்டாவுக்குப் பின்னால் பிடித்தாள். இருவரும் பள்ளியில் ஒரே வகுப்பு. அவன் பேராசிரியராவதற்கு முன்னால், மூக்கைச் சட்டைக் கையில் துடைத்த காலத்திலிருந்து தெரியும்.

"நீ ஒரு வேலை செய்யணும் ஆரின். டுவேனைத் தனியா கூப்பிட்டு, 'இன்னிக்கே ஃபார்கோ போ'ன்னு சொல்லு. அவ்வளவுதான்."

அவள் விரலை விவரித்தாள். நட்டையும் சொன்னாள். ஆரினின் முகம் வெளுத்தது. அந்த மட்டில் அவன் நல்லவன்; விஷயம் புரிந்துவிட்டது.

"இது… இது அவசரம் மார்லிஸ்."

"அதைத்தான் அவன்கிட்ட சொல்லச் சொல்றேன்."

"ஆனா பாரு, நான் டாக்டர் இல்ல. ஊட்டச்சத்து ஆராய்ச்சி பண்றவன். நாங்க சொல்றதெல்லாம் மொத்த ஜனத்தொகைக்கு. தனி ஆளுக்குச் சொல்றது எங்க முறை இல்ல. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா…"

"நாட்டுல இருக்கற அத்தனை கோடிப் பேருக்கும் சொல்லத் தெரியுது. ஒரு தம்பிக்குச் சொல்லத் தெரியலையா?"

ஆரின் காப்பிக் கோப்பையைப் பார்த்தான். "நீ நினைக்கற மாதிரி சுலபமில்ல. ஒரு வாக்கியத்துக்கு நான் எவ்வளவு போராடினேன் தெரியுமா? முதல் வரைவுல 'சேர்த்த சர்க்கரையைப் பாதியாகக் குறையுங்கள்'னு எழுதினது நான்தான். பீட் நிலம் வச்சிருக்கற நானே!"

"இப்ப என்ன இருக்கு?"

"அடுத்த கூட்டத்துல 'பாதி' போச்சு. 'குறையுங்கள்' மட்டும் நின்னுச்சு. அப்புறம் 'குறைப்பது நல்லது'. அப்புறம் மேலேருந்து ஆளுங்க வந்தாங்க. நான் விட்டுக்கொடுக்கல மார்லிஸ். கடைசி வரைக்கும் நின்னேன்."

"இப்ப என்ன இருக்குன்னு கேட்டேன்."

"'கவனத்தோடு அணுகவும்.'"

மார்லிஸ் சொன்னாள்: "நாய் கட்டியிருக்கற வீட்டு கேட்ல எழுதற மாதிரி."

"சாப்பாடு முடிஞ்சதும் சொல்றேன்," என்றான் ஆரின். "கண்டிப்பா. அவன் என் தம்பி இல்லையா?" கண்ணில் நீர் கட்டியிருந்தது. மார்லிஸ் நம்பினாள். நம்புவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை என்பதும் ஒரு காரணம்.

*

ஆரின் பேசினான். நன்றாகத்தான் பேசினான். காய்கறியைப் பற்றிச் சொன்னபோது எல்லோரும் ஜெல்லியைத் தின்றுகொண்டே தலையாட்டினார்கள். உப்பைப் பற்றிச் சொன்னபோது பன்றித்தொடை இரண்டாம் சுற்று வந்தது. சர்க்கரை வந்ததும் ஹால் கொஞ்சம் நிமிர்ந்தது. கேலன் ப்ரெக்கி முட்கரண்டியைக் கீழே வைத்தார்.

"சர்க்கரையை நாம் கவனத்தோடு அணுக வேண்டும்," என்றான் ஆரின்.

கேலன் முட்கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

கேள்வி நேரம் வந்தது. நோர்வாலில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அது தன்னை முன்னுக்குத் தள்ளிக்கொள்கிற காரியம். மௌனம் நீண்டு பாஸ்டர் ஜோலீன் ஜெபத்துக்கு எழும் சமயத்தில், கடைசி மேசையிலிருந்து டுவேன் எழுந்தான். அண்ணன் மேடையில் தனியாக நிற்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. அதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

"பேராசிரியர் அய்யாவுக்கு ஒரு கேள்வி. கடைசித் துண்டுல பாதி எடுத்தா, அது கணக்குல வருமா வராதா?"

ஹாலே சிரித்தது. கேலன் மேசையைத் தட்டிச் சிரித்தார். ஆரினும் சிரித்தான், சிரித்தபடியே சமையலறை ஜன்னல் பக்கம் பார்த்தான். அங்கே மார்லிஸ் நின்றுகொண்டிருந்தாள்.

"அளவோடு இருந்தால், எல்லா உணவுக்கும் நம் தட்டில் இடம் உண்டு," என்றான் ஆரின்.

கைதட்டல்.

"கேட்டீங்களா?" என்று டுவேன் ஊரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்காரப் போனான்.

"கால் விரலையும் கேளு டுவேன்."

மார்லிஸ் கத்தவில்லை. உப்பு எடுத்துத் தரச் சொல்கிற குரலில்தான் சொன்னாள். ஆனால் ஹால் அப்படியே நின்றது. தன் வீட்டு உடம்புச் சமாச்சாரத்தை நாலு பேர் முன்னால் எடுப்பது இந்த ஊரில் இல்லாத வழக்கம். ஊராரின் கண்கள் தத்தம் காப்பிக்குள் விழுந்தன. டுவேனின் கழுத்து சிவந்தது.

"அதொண்ணுமில்ல… விரல்ல கொஞ்சம்…"

"கறுத்துப்போச்சு," என்றாள் மார்லிஸ். "அழுகுது. ஆரின் சொன்னாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவானாம். ஆரின், சொல்லு."

ஒரு வாக்கியம். காலையிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான். ஆரின் வாயைத் திறந்தான். அந்த வாக்கியம் அவன் தொண்டைவரை வந்தது. மார்லிஸ் அதைப் பார்த்தாள். பிறகு அவன் ஹாலைப் பார்த்தான், கேலனைப் பார்த்தான், வியாழக்கிழமையை எண்ணிக் கொட்டகையில் தயாராக நிற்கும் இயந்திரங்களின் சொந்தக்காரர்களைப் பார்த்தான், தம்பியின் சிவந்த கழுத்தைப் பார்த்தான். பல வருடங்கள் பல கூட்டங்களில் பழகிய வாய் தன் வேலையைத் தானே செய்துகொண்டது.

"சீக்கிரம் பார்க்கறது நல்லதுதான்," என்றான். "வேலை அழுத்தம் இருக்கும், அது புரியுது. அறுவடை… அறுவடைக்கு நடுவுலயோ, முடிஞ்ச கையோடவோ, சௌகரியப்பட்டா, ஒரு டாக்டரைப் பார்க்கறதைப் பத்தி யோசிக்கலாம்."

ஹால் மூச்சுவிட்டது. அழகான பதில். யாரும் யாரையும் புண்படுத்தவில்லை.

டுவேன் மனைவியைப் பார்த்துக் கையை விரித்தான். அதில் வெற்றியின் குத்தல்கூட இல்லை. அவள் கவலை தீர்ந்ததே என்ற சந்தோஷம்தான். "பாத்தியா? ஆரினே சொல்லிட்டான். அறுவடை முடிஞ்சதும்."

ஜெபம் முடிந்தது. வேர்க்கடலைத் தட்டில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. டுவேன் கத்தியோடு நெருங்கினான். மார்லிஸ் தட்டை அவன் கைக்கு முன்னாலேயே எடுத்துக்கொண்டு போய், ஆரினின் முன்னால் வைத்தாள்.

"இதை முழுசா சாப்பிடு."

"மார்லிஸ், நான்…"

"ஒரு தடவையாவது எதையாவது முழுசா செய் ஆரின்."

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ஆரின் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கத்தியை எடுத்து, மிகவும் நேராக, துண்டை இரண்டாக வெட்டினான்.

*

வெளியே டுவேன் வண்டியைக் கிளப்பினான். கல்யாணமான நாளிலிருந்து அவன் இருக்கும் வண்டியை மார்லிஸ் ஓட்டியதில்லை. வண்டி மெல்ல நகர்வதற்குப் பதில் சீறிக்கொண்டு முன்னால் பாய்ந்து, சர்ச்சின் பெயர்ப்பலகைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. நிறுத்தியது அவன் கால் அல்ல. மார்லிஸ் இழுத்த கைப்பிரேக்.

டுவேன் கீழே குனிந்து பெடலைப் பார்த்தான். பெடல் எங்கே இருக்கிறது என்று அவனுடைய கால் அவனிடம் சொல்லவில்லை. பிறகு அவன் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, மறுபக்கம் ஏறிக்கொண்டான். நெற்றி நெருப்பாய்ச் சுட்டது. பீட் வயல்களைத் தாண்டுவதற்குள் தலை ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

நெடுஞ்சாலை முக்கில் வலப்பக்கம் வீடு. மார்லிஸ் இடப்பக்கம் திருப்பினாள்.

ஃபார்கோவின் தண்ணீர்த்தொட்டி தெரிகிற தூரத்தில் டுவேன் விழித்தான். "எங்க போறோம்?"

"யோசிக்கப் போறோம். ஆரின் சொன்னானில்ல."

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தவர் டாக்டர் வார்சமே என்ற சோமாலியப் பெண். வயதில் அவர்கள் மகளாக இருக்கலாம். சாக்ஸை அவள் கத்தரித்தாள். அன்று முழுக்க நேராகப் பேசிய இரண்டாவது ஆள் அவள்தான்.

"விரல் போயிடுச்சு. தொற்று பாதத்துக்கு ஏறிட்டிருக்கு. இப்பவே எடுக்கணும், இல்லைன்னா உயிருக்கே ஆபத்து."

"எவ்வளவு?" என்றான் டுவேன். வயலில் பூச்சி விழுந்த இடத்தைக் கேட்கிற மாதிரி கேட்டான்.

"பாதத்துல பாதி."

டுவேன் தலையணையில் சாய்ந்தான். காலையிலிருந்து முதல்முறையாக அவன் முகம் தளர்ந்தது.

"பாதிதானே?" என்றான் மார்லிஸிடம். "மோசமில்ல."

படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மார்லிஸின் கையில் அவனுடைய பூட்ஸ்கள் இருந்தன, இரண்டும். கைப்பையில் செல்போன் அதிர்ந்தது. ஆரின். இதே ஊரின் விமான நிலையத்திலிருந்து, பத்து நிமிஷத் தொலைவிலிருந்து எழுதியிருந்தான்: 'நன்றாக யோசித்துப் பார்த்தேன். இன்றைக்கே போவதுதான் உத்தமம் என்று தோன்றுகிறது. டுவேனிடம் நான் சொன்னதாகச் சொல். விமானம் ஏறப்போகிறேன்.'

அவள் பதில் எழுதவில்லை. அழிக்கவும் இல்லை. ஊருக்கு எப்போதாவது படித்துக் காட்டத் தேவைப்படலாம்.

டாக்டர் வார்சமே கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. பாதி எடுத்தாயிற்று என்றாள். மீதியைப் பற்றி வியாழக்கிழமை சொல்வதாகச் சொன்னாள்.